அறிவிக்கப்படாத கனவு

குழாயக்கா பதினோராம் நம்பர் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சேறு சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. கொண்டுவந்த ஆள் குனிந்து, பஸ்ஸுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ரப்பர் செருப்புகளைப் பார்த்து, "கடன் ஒழுக்க வாரியத்திலேர்ந்து வரேன். கையெழுத்துப் போடணும்" என்றான். மெதுவாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் கடிதம் கொடுப்பவர் நான்கு பேர் காதிலாவது விழும்படி பேச வேண்டும் என்பது வாரியத்தின் விதி. வெட்கம் வந்தால்தான் தவணை வரும் என்பது அவர்கள் அனுபவம். டிப்போவில் அப்போது நாற்பது பேர் இருந்தார்கள்.

இருபத்தோரு வருடமாக அந்த டிப்போவில் பஸ் கழுவுகிறவள் அவள். எந்நேரமும் கையில் தண்ணீர்க் குழாயோடு நிற்பதால் குழாயக்கா ஆகிவிட்டாள். சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

உறை வெளிர்நீலம். உள்ளே என்ன இருந்தாலும் மேலே கொட்டை எழுத்தில் 'அன்புடன்' என்று அச்சடித்திருக்கும். அந்த 'அன்புடன்' கண்ணில் பட்டதுமே அவள் பஸ்ஸுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பிரித்தாள்.

'அன்பு உறுப்பினரே, தங்கள் குடும்பத்தில் வாரியத்துக்கு அறிவிக்கப்படாத கனவு ஒன்று இருந்துவருவதாக நம்பத்தகுந்த இடத்திலிருந்து தெரியவருகிறது. அதன் தன்மை, வயது, இதுவரை ஆன செலவு ஆகியவற்றைப் பார்வையிட வியாழக்கிழமை காலை தங்கள் நலம்விரும்பி நேரில் வருவார். அதுவரை மேற்படி கனவை அப்புறப்படுத்தவோ வேறு இடத்துக்கு மாற்றவோ கூடாது.'

இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை எழுத்துகள் நீந்த ஆரம்பித்தன. பஸ் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

வாரியத்திடம் அந்தக் குடும்பம் போய் மாட்டிய கதை பெரிய கதை இல்லை. அவள் கணவர் மெத்தை தைப்பவர். கை சுத்தமான வேலைக்காரர், வாய்தான் நிற்காது. ஏழு வருடம் முன்பு அவருடைய தம்பி வந்து, "அண்ணே, எவ்வளவு நாளைக்கு அடுத்தவன் சோபாவையே தைச்சுக்கிட்டு இருப்பே? நாமளே செய்வோம்" என்றான். ஐந்து இடங்களில் கடன் வாங்கி சோபாப் பட்டறை போட்டார்கள். முதல் லோடு சோபாவை ஏற்றிக்கொண்டு விற்கப் போனான் தம்பி. சோபாவும் வரவில்லை, அவனும் வரவில்லை. ஜாமீன் கையெழுத்து குழாயக்காவுடையது. ஐந்து இடத்து ஆட்களும் முறைவைத்து வாசலில் வந்து நின்றார்கள். அப்போதுதான் வாரியம் அடைக்கலம் கொடுத்தது. ஐந்து கடனையும் சேர்த்து ஒரே கடனாக்கினார்கள். ஐந்து பேர் மிரட்டிய இடத்தில் இனி ஒருவர் மட்டும் மிரட்டுவார் என்பது அதில் உள்ள வசதி.

அந்த ஒருவருக்கு வாரியம் வைத்திருக்கும் பதவிப் பெயர்தான் நலம்விரும்பி. குடும்பத்துக்கு ஒரு நலம்விரும்பி உண்டு. அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே நலம் விரும்பப்படும் வீடுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை வாரியத்தில் ஒப்புக்கொள்ளும் கூட்டம் நடக்கும். குடும்பத்தில் ஒருவர் மேடையேறி அந்த மாதச் செலவை உரக்கப் படிக்க வேண்டும். எதையாவது குறைத்திருந்தால் கூட்டம் கைதட்டும். போன மாதம் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடி உடைந்துபோனதையும் புதிது வாங்காமல் விட்டதையும் சொன்னார். எழுந்து நின்று தட்டினார்கள். பெரியவர் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, படி தெரியாமல் மேடையிலிருந்து விழுந்தார்.

இத்தனைக்கும் நடுவில் குழாயக்கா ஒரு கனவை வைத்திருந்தாள் என்பது உண்மைதான். பஸ் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். எட்டு வயதில் டிரைவருக்குப் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து போன நாளிலிருந்து இருக்கிற ஆசை. ஒரு பஸ்ஸைக் கழுவி முடித்ததும் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது அரை நிமிட வேலை. குழாயக்காவுக்கு நான்கு நிமிடம் ஆகும். துடைக்கிற நேரம் மட்டும்தான் அந்த இடத்தில் உட்கார அவளுக்கு உரிமை. அதனால் நன்றாகவே துடைப்பாள்.

போன வருடம் டிப்போவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த வருடக் கடைசியில் நான்கு டிரைவர் இடம் காலியாகும். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு முன்னுரிமை. கனரக வாகன உரிமம் வேண்டும். நாற்பத்தேழு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. குழாயக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கடைசி நாளன்று அவளுக்கு நாற்பத்தாறு வயது பத்து மாதம் ஆகியிருக்கும். டிரைவர் சம்பளம் அவள் சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு.

வார விடுமுறை நாளில் மூன்று பள்ளிக்கூட வேன்களைக் கழுவ ஒப்புக்கொண்டாள். அந்தக் காசை மகளின் பழைய ஜாமெட்ரி பெட்டியில் போட்டுவந்தாள். பதினான்கு மாதத்தில் பயிற்சிக் கட்டணம் சேர்ந்தது. வாரியத்திடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் மாதமே பெட்டி காலியாகியிருக்கும். இப்போது பதினோரு பாடம் முடிந்திருந்தது. மூன்று வாரத்தில் தேர்வு.

யார் சொல்லியிருப்பார்கள் என்று அவள் வீடு போகும் வழியெல்லாம் யோசித்தாள். வீட்டுக்குள் நுழைந்து கணவரின் முகத்தைப் பார்த்ததும் யோசிக்கும் வேலை முடிந்துவிட்டது.

"நீங்களா?"

அவர் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவைத்தார். "போன் பண்ணி வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்."

"அதுக்கு?"

"பயத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடறது வரைக்கும்."

திட்டலாமென்று வாயைத் திறந்தாள். அவர் அதே ஊசியை எடுத்து எடுத்துத் துணியில் குத்துவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் போன் அடித்தால் அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வது ஏழு வருடப் பழக்கம். அன்றைக்கு ஏனோ குளியலறையில் மகள் இருந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நலம்விரும்பி வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு உள்ளே வந்தார். பல்புகளை எண்ணினார். சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு உட்கார்ந்து, நோயாளியிடம் டாக்டர் கேட்பதுபோல் கேட்டார்:

"எத்தனை நாளாம்மா இருக்கு?"

"என்னது சார்?"

"கனவு."

"எட்டு வயசுலேர்ந்து சார்."

அவர் மனத்துக்குள் கழித்துப் பார்த்துவிட்டு எழுதினார்: 'முப்பத்தெட்டு ஆண்டுகளாக மறைத்துவைக்கப்பட்டுள்ளது.'

"சார், முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி வாரியமே இல்லியே" என்றாள் மகள். மருந்தாளுநர் படிப்பில் இரண்டாம் வருடம். அந்த வீட்டில் பயப்படாத ஒரே ஆள்.

"வாரியம் இல்லைங்கறது உண்மைதாம்மா. ஆனா மறைக்கற குணம் அப்பவே இருந்திருக்கு பாருங்க" என்று வருத்தத்தோடு சொன்னார் நலம்விரும்பி. அலமாரியிலிருந்து சாலைக் குறியீடுகள் புத்தகமும் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவும் கிடைத்தன. இரண்டையும் ஒரு பையில் போட்டு அரக்கு வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க கனவுக்கு எதிரி கிடையாது. யாரும் கனவு காணலாம். தூங்கறப்ப காணுங்க. முழிச்சிருக்கறப்ப கண்டாதான் செலவு."

விசாரணைக்கு மறு திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நான்கு நாளும் குழாயக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. டிப்போவில் ஒரு பஸ்ஸுக்கு இரண்டு முறை சோப்புப் போட்டாள். பக்கத்து பஸ் கழுவப்படாமலே ரூட்டுக்குப் போனது. கனவை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிடலாமா என்று மகளிடம் கேட்டாள்.

"விட்டா மட்டும் சும்மா இருப்பாங்களாம்மா? வேன் கழுவின காசைக் கேப்பாங்க. அது எங்க இருக்கு?"

"பயிற்சிப் பள்ளியில கட்டியாச்சு."

"அப்ப ஓட்டித்தான் ஆகணும்."

வாரியத்தின் கூடம் சுத்தமாக, குளிராக இருந்தது. சுவரில் 'ஆசை சுருங்கினால் பாக்கி சுருங்கும்' என்று எழுதியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: நடுவில் தலைவியம்மா, ஒரு பக்கம் மதிப்பீட்டாளர், இன்னொரு பக்கம் நலம்விரும்பி. இந்தப் பக்கம் குழாயக்காவும் மகளும். கணவர் வாசல்வரை வந்து, அங்கேயும் குளியலறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார்.

"முதல்ல ஒண்ணு தெரியணும்" என்று ஆரம்பித்தார் மதிப்பீட்டாளர். "இந்தக் கனவு சொத்தா, செலவா? சொத்துன்னா பறிமுதல் செய்யணும். செலவுன்னா வெட்டணும்."

"பறிமுதல் பண்ணினா எங்க வெக்கறது?" என்றார் நலம்விரும்பி. "குடோன்ல இடமில்ல. போன மாசம் எடுத்த கட்டிலெல்லாம் மழையில நனையுது."

தலைவியம்மா கையைத் தூக்கினார். இருவரும் அடங்கினார்கள். குழாயக்காவைக் கனிவோடு பார்த்து, "பயப்படாதீங்க. உங்களை எனக்குப் புரியுது" என்றார். "எனக்கும் ஒரு கனவு இருந்துச்சு. பாட்டுக்காரியா ஆகணும்னு. பத்தொன்பது வயசுல விட்டுட்டேன். இப்பப் பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்கேன்."

குழாயக்கா பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. பயத்தில் தனக்குத்தான் தெரியவில்லையோ என்று எதற்கும் தலையை ஆட்டிவைத்தாள்.

"பதினாறு வருஷமா இந்த வாரியத்தை நடத்தறேன்" என்று தொடர்ந்தார் தலைவியம்மா. "சில பேர் கேக்கறாங்க, ஒரு குடும்பமாவது கடன் தீர்ந்து வெளியில போயிருக்கான்னு. ஏங்க போகணும்? போய் என்ன பண்ணுவாங்க? இங்க மாசாமாசம் கூப்பிட்டு விசாரிக்க ஆள் இருக்கு. வெளியில அவங்களை யார் விசாரிப்பா? கடன் தீர்ந்த அன்னிக்கு எங்களை மறந்துடுவாங்க. மனுஷங்க நன்றி எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியும். அதனால நாங்க அவசரப்படறதில்ல."

மகள் தொண்டையைச் செருமினாள். "மேடம், உங்க விதிப் புத்தகத்துல பதினாலாவது விதி இருக்கு. வருமானத்தைக் கூட்டற செலவு எதுவா இருந்தாலும் வாரியம் அனுமதிக்கணும்னு போட்டிருக்கு. அம்மாவுக்கு டிரைவர் வேலை கிடைச்சா சம்பளம் ரெண்டு மடங்கு."

தலைவியம்மா நலம்விரும்பியைப் பார்த்தார். அவர் மதிப்பீட்டாளரைப் பார்த்தார். அவர் புத்தகத்தைத் தேடினார். ஜன்னல் காற்றில் ஆடாமலிருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தார்கள். இருந்தது.

"விதியெல்லாம் படிக்கக் கூடாதும்மா" என்றார் தலைவியம்மா, வருத்தம் தோய்ந்த குரலில். "நாங்களே படிக்கறதில்ல. படிச்சா வீண் குழப்பம்."

மூவரும் அடுத்த அறைக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்து நலம்விரும்பி தீர்ப்பைப் படித்தார். உறுப்பினர் பஸ் ஓட்டுவது வருமானத்துக்காக என்றால் அனுமதி உண்டு. மகிழ்ச்சிக்காக என்றால் அது கேளிக்கை. எது என்பதைத் தேர்வு நாளன்று குழுவினர் மூவரும் அதே பஸ்ஸில் பயணம் செய்து, உறுப்பினரின் முகத்தைக் கவனித்துத் தீர்மானிப்பார்கள். பல் தெரிதல், முணுமுணுத்துப் பாடுதல், காரணமில்லாமல் தலையை ஆட்டுதல் ஆகியவை மகிழ்ச்சியாகக் கொள்ளப்படும். மகிழ்ச்சி காணப்பட்டால் தவணைச் சலுகை ரத்தாகும். மொத்தக் கடனையும் ஏழு நாளில் கட்ட வேண்டும். தவறினால் கணவரின் தையல் மெஷின் எடுத்துக்கொள்ளப்படும். மகளின் படிப்புக்குக் கட்டும் பணம் வாரியத்துக்குத் திருப்பப்படும்.

மெஷின் போனால் கணவருக்குக் கையே போன மாதிரி. மகளுக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி. வெளியே வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்ட குழாயக்கா தெருமுனைவரை விடவில்லை. அத்தனை தைரியமாகப் பேசிய பெண்ணின் உள்ளங்கையும் அன்று வேர்த்திருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் சிரிக்காமல் இருக்கப் பயிற்சி நடந்தது. குழாயக்கா நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாம்பாளத்தை ஸ்டியரிங்போலப் பிடித்துக்கொள்வாள். பஸ் ஓட்டுவதாக நினைத்த மாத்திரத்தில் அவள் உதட்டோரம் தானாக மேலே போகும். எதிரே நிற்கும் கணவர் உடனே, "பாக்கி எவ்வளவு தெரியுமா?" என்று தொகையைச் சொல்வார். உதடு இறங்கிவிடும். ஒரு நாள் அவரே தொகையைச் சொல்லிவிட்டு, அதன் கனம் தாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னாலதானே எல்லாம்" என்றார்.

"தம்பியை நம்பினீங்க. ஊரை ஏமாத்தலையே. எழுந்து நில்லுங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

இந்தப் பயிற்சி வீட்டுக்கு நல்லது, வண்டிக்கு நல்லதில்லை. முகத்தை விறைத்தால் தோளும் விறைத்தது, தோள் விறைத்தால் காலும் விறைத்தது. மைதானத்தில் பயிற்சி பஸ் குதித்துக் குதித்து நின்றது. பயிற்சிக்காரி இருபத்தாறு வயதுப் பெண். அப்பா விட்டுப்போன பழைய பஸ் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளி நடத்துகிறவள். அவளுக்குப் பொறுமை குறைவு.

"அக்கா, என்ன இது, பிரேதத்தை உக்காத்திவெச்ச மாதிரி? போன வாரம் நல்லாத்தானே ஓட்டினீங்க?"

குழாயக்கா விஷயத்தைச் சொன்னாள். பயிற்சிக்காரி முதலில் சிரித்தாள். அக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நிஜமாவா?"

"நிஜம்தான்மா. எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி கண்ணை மூடினா அந்த நீலக் கவர்தான் வருது."

"பயப்படாதீங்கன்னு சொன்னா கேக்கவா போறீங்க? பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும். அது மேலதான இருக்கும். கால் கீழ இருக்கு. காலுக்கு அதைத் தெரியவிடாதீங்க."

தேர்வு நாள் வந்தது. தேர்வு அதிகாரி தொப்பையும் தூக்கக் கலக்கமுமான ஆள். பஸ்ஸுக்குள் ஏறியதும் முதல் வரிசையில் கையில் ஆளுக்கொரு அட்டையோடு உட்கார்ந்திருந்த மூவரைப் பார்த்து, "யார் இவங்க?" என்றார்.

"நலம்விரும்பிங்க சார்" என்றாள் குழாயக்கா.

"மூணு பேரா? பெரிய குடும்பம்தான்" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் சாய்ந்தார். "எனக்கு ஒரே கணக்குதான். வண்டி போற இடத்துல ஆள் இருக்கக் கூடாது. ஆள் இருக்கற இடத்துல வண்டி போகக் கூடாது. எடுங்க."

மைதான ஓரத்தில் கணவரும் மகளும் பயிற்சிக்காரியும் நின்றார்கள். வண்டி கிளம்பியதும் கணவர் கண்ணை மூடிக்கொண்டது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

மைதானத்தில் சுற்றியது, பின்னோக்கி எடுத்து இரண்டு கம்பத்துக்கு நடுவே நிறுத்தியது எல்லாம் சரியாகவே நடந்தது. பின்னாலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "பல்?" "இல்லை." "தலை ஆட்டம்?" "இல்லை" என்று குரல் வந்தபடி இருந்தது. மேலே இருந்த பெரிய கண்ணாடியில் மூன்று ஜோடிக் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. குழாயக்கா மைதானத்தை விட்டுச் சாலைக்கு வந்தாள். கடைவீதியைத் தாண்டினாள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது இன்ஜின் ஒரு கனிந்த சத்தம் போட்டது. அவளுக்கு உள்ளே ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. பாக்கித் தொகையை மனத்துக்குள் சொல்லி அதை அமுக்கினாள்.

கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி மேடு. செங்குத்தான சாலை, பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அப்போதுதான் மேலே, முப்பது அடி தள்ளி நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரி மெல்லப் பின்னால் நகர்வதைப் பார்த்தாள்.

அதற்கு டிரைவர் இல்லை. அவர் டீக்கடையிலிருந்து ஒரு கையில் கிளாஸோடு ஓடிவந்துகொண்டிருந்தார்.

"யம்மா, லாரி!" என்றார் தேர்வு அதிகாரி. அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

குழாயக்காவுக்கு ஈரக்குலை நடுங்கியது. அந்த ஒரு கணத்தில் தையல் மெஷின், மகளின் வகுப்பு, நீலக் கவர் எல்லாம் மறந்துபோயின. மேலேயிருந்து வரும் இரும்பு மட்டும்தான் இருந்தது. ஆனால் காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கால் கிளட்சை மிதித்தது. கை ரிவர்ஸ் கியரைப் போட்டது. ஹாரனை அழுத்தியபடி இரண்டு கண்ணாடியிலும் பார்த்தாள். பின்னால் வண்டியோ ஆளோ இல்லை. கொஞ்சம் கீழே இடதுபக்கம் ஒரு சந்து இருந்தது. பிரேக்கை விட்டாள்.

பஸ் மேட்டிலிருந்து பின்னோக்கி இறங்கியது. லாரி மூக்குக்கு நேரே துரத்திக்கொண்டு வந்தது. அந்த நீளத்தையும் அகலத்தையும் அவள் இருபத்தோரு வருடம் கையால் தேய்த்திருக்கிறாள். பின்பக்க மூலை எங்கே முடிகிறது என்பது அவள் தோளுக்குத் தெரியும். சந்து வாய் வந்ததும் ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்றினாள். பஸ்ஸின் பின்பாதி சந்துக்குள் வழுக்கி நுழைந்தது. முன்பாதியும் நுழைந்த மறுநொடி, கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் லாரி உருண்டு போனது. கீழே சாலை ஓரத்து மணல் குவியலில் ஏறி, தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு நின்றது.

இவ்வளவும் நடந்தபோது முதல் வரிசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் சீட்டுக்கு அடியில் போய்விட்டார். நலம்விரும்பி கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக்கிக்கொண்டு, யாரிடமென்று இல்லாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவியம்மா தலைக்குமேல் அட்டையைக் கவிழ்த்துக்கொண்டு அலறினார். அவர் பாட்டுக்காரியாக விரும்பியது சும்மா இல்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் குரல் மேல் ஸ்தாயியில் போய் நின்று, லாரி மணலில் ஏறும்வரை இறங்கவே இல்லை.

வண்டி நின்றதும் தேர்வு அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாளில் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டு நீட்டினார். "இதுக்கு மேல உங்களைச் சோதிக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. பாஸ்."

குழாயக்கா தாளை வாங்கினாள்.

பின்னால் மதிப்பீட்டாளர் மெல்ல வெளியே வந்தார். அட்டையில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. "மேட்டுல... முகத்துல ஏதாவது...?" என்று கேட்டார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவருமே கண்ணை மூடியிருந்தார்கள்.

"காலியா விட்டா விதிப்படி மறுபடி ஒருதரம் அவங்ககூட பயணம் பண்ணிப் பாக்கணும்" என்றார் நலம்விரும்பி.

தலைவியம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். "மகிழ்ச்சி காணப்படவில்லைன்னு எழுதுங்க" என்றார் தலைவியம்மா. "இந்த மாதிரி வேலையில யாருக்கும் மகிழ்ச்சி வராது. எழுதிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்க."

மூவரும் இறங்கி, நனைந்த சாலையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கீழே நடந்தார்கள். சந்துக்குள் நின்ற பஸ்ஸில் குழாயக்கா ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுதாளா, சிரித்தாளா என்பதற்கு வாரியத்தில் பதிவு எதுவும் இல்லை.

டிரைவர் வேலை கிடைத்தது. கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்பே ஆணை வந்தது. சம்பளம் கூடிய முதல் மாதமே வாரியம் நீல உறையில் வாழ்த்து அனுப்பியது. உள்ளே தவணையை உயர்த்தியிருந்தார்கள். மகள் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த வேகத்தில் கட்டினால் ஒன்பது வருடக் கடன் நான்கு வருடத்தில் தீரும் என்றாள். வாரியத்தில் அதைக் கேட்டுக் கவலைப்பட்டார்களாம். இப்போதும் போன் அடித்தால் குழாயக்கா முதலில் தவணைத் தேதியைத்தான் பார்க்கிறாள். ஆனால் கணவர் குளியலறைக்குப் போவதில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதோடு சரி.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம், காலை எட்டு மணிக்கு, பதினோராம் நம்பர் பஸ்ஸைத் தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் நிறுத்தினாள். வரிசையில் கடைசி ஆளாக, ஒழுங்காகச் சீவிய தலையும் கையில் பையுமாக நலம்விரும்பி நின்றுகொண்டிருந்தார். யார் வீட்டுக்கோ நலம் விரும்பப் போகிறார். படியில் ஒரு காலை வைத்த பிறகுதான் டிரைவர் யார் என்று பார்த்தார். காலை எடுக்கலாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. பின்னால் கண்டக்டர், "ஏறுங்க சார், நேரமாகுது" என்றார்.

"சௌக்கியமா சார்?" என்று கேட்டாள் குழாயக்கா.

அவர் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினார். வேறு இடமில்லாததால் முன்சீட்டிலேயே உட்கார்ந்தார். பையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தார். பஸ் மேட்டில் ஏறத் தொடங்கியது. அவர் குறிப்பேட்டை மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் எதிரே இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பேனா கீழே விழுந்து உருண்டது. எடுக்க வேண்டுமானால் ஒரு கையை விட வேண்டும், அவர் விடவில்லை.

கண்ணாடியில் அதைப் பார்த்த குழாயக்கா மூன்றாவது கியருக்கு மாற்றினாள். பல் தெரிந்தது.